வன்னியிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு: பெறுபேறு வந்த நாளிலிருந்து முதல் பரீட்சை வரை

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் போதாது, வெளிநாட்டில் படிப்பிக்கலாமா என்று வீட்டில் கதை தொடங்கியிருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம். ரஷ்யாவில் ஓர் அரச மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இப்போது இரண்டாம் வருடம். சீனா, பங்களாதேஷ், ஜோர்ஜியா என்று போகிறவர்களுக்கும் முதல் மூன்று படிகள் பொருந்தும், மற்றவை ரஷ்யாவுக்கானவை.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இடம் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. காசு கட்ட ஆள் இருந்தால் இடம் கிடைக்கும். கஷ்டமெல்லாம் வேறு மூன்றில்தான்: அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்து இங்கே வைத்தியராக முடியுமா, எல்லாத் தாளிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, வீட்டிலிருந்து காசு அங்கே போய்ச் சேருமா. இவற்றை முடிக்காமல் எவருக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

1. முதலில் மருத்துவ சபை, பிறகுதான் பல்கலைக்கழகம்

படித்து முடித்து வந்து இலங்கையில் வேலை செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இலங்கை மருத்துவ சபை வைக்கும் ஈ.ஆர்.பீ.எம். பரீட்சையில் சித்தியடைந்து, அதன் பிறகு உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பரீட்சைக்குத் தோற்ற, நீங்கள் படித்த பல்கலைக்கழகம் சபை அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். உங்கள் உயர்தரப் பெறுபேறும் சபை கேட்கும் குறைந்தபட்சத் தரத்தில் இருக்க வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி இருக்கிறது, அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன தரம் என்பதையும் பார்ப்பார்கள்.

ஆகவே கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதியில் உள்ள சபை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பெறுபேற்றின் பிரதி, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், நகரம், பாடநெறியின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். ஒரே நகரத்தில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும், பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ பீடமும் இருக்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். முகவர் சொல்லும் சுருக்கப் பெயரை நம்பி எழுதாமல், பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள்.

ரஷ்யாவில் பொது மருத்துவம் 6 வருடம். "அஞ்சு வருசத்தில முடிச்சுத் தாறம்" என்று சொல்பவரிடம் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டுப்படுவது இதில்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும். உயர்தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில், தகப்பனாரின் பெயரின் முதலெழுத்தோடு இருக்கும். அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல். "கந்தசாமி" என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதலாம், இல்லையா? இங்கே அதை எவரும் பெரிதுபடுத்துவதில்லை. அங்கே ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் வேறொரு ஆள்.

இதோடு எங்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. 2009இல் இடம்பெயர்ந்தபோது பெற்றோரின் பத்திரங்கள் தொலைந்து, பிறகு ஞாபகத்தில் சொல்லி எடுத்தவை பல வீடுகளில் உண்டு. அதனால் அம்மாவின் பெயர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அவருடைய சொந்த அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருக்கும். இப்போதே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுங்கள்; பழைய, மடித்துக் கிழிந்த பிரதியை வைத்து எதையும் தொடங்க வேண்டாம். அதில் பிழை இருந்தால் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பியுங்கள். இதற்கு மாதங்கள் போகலாம் என்பதால் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே தொடங்கிவிடுங்கள். சிறிய எழுத்துக்கூட்டல் வித்தியாசம் மட்டுமென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா இடத்திலும் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில், உயர்தரச் சான்றிதழில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். அதன் பிறகு கடவுச்சீட்டில் எது இருக்கிறதோ அதுதான் சட்டம். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, "பெயரை இதில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ" என்று கேளுங்கள்.

3. கடவுச்சீட்டும் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தலும்

வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்குப் போக வேண்டியதில்லை. 2024 தொடக்கத்தில் சாதாரண சேவைக் கட்டணத்தை 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள்; ஒருநாள் சேவை அப்போது 20,000 ரூபா. போவதற்கு முதல் நாள் கட்டணத்தையும் நேரப்பதிவையும் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள். படத்தை அவர்கள் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். மூலைக்கடையில் எடுத்த படத்தைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.

உயர்தர, சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியாகக் கேட்டு எடுக்கலாம். பிறகு அவற்றையும் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்கும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து காலை பஸ் எடுத்தால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, விடிய நித்திரைக் கண்ணோடு வரிசையில் நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

அதற்கடுத்த கட்டத்துக்குக் கொழும்பு போய்த்தான் ஆக வேண்டும்: ரஷ்ய மொழிபெயர்ப்பு, தூதரகத்தின் கொன்சியூலர் உறுதிப்படுத்தல். எந்தெந்தத் தாளுக்கு அது வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் மொழிபெயர்ப்பை அங்கே வந்த பிறகு அங்குள்ள நொத்தாரிசிடம் செய்யச் சொல்லும். அப்படியென்றால் இங்கே அதற்குக் காசு செலவழிப்பது வீண்.

4. காசு எந்த வழியால் போகும்

கல்விக் கட்டணம் மாகாண நகரங்களில் வருடத்துக்குச் சுமார் 4,000 முதல் 7,000 டொலர் வரை. மொஸ்கோவிலும் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் அதைவிட நிறையக் கூட. விடுதிக் கட்டணம் குறைவு, அது ஒரு ஆறுதல். சாப்பாட்டுக்கு, சமைத்துச் சாப்பிட்டால் மாதம் 15,000 முதல் 20,000 ரூபிள் வரை வைத்துக்கொள்ளுங்கள். இவை போக மருத்துவக் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, விசா நீடிப்பு, குளிர் உடுப்பு என்று முதல் வருடத்தில் மட்டும் தனியாக ஒரு தொகை வேண்டும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ரூபிளில் இருக்கும். பணவீக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வருடமும் கட்டணத்தைக் கூட்ட அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. முதல் வருடக் கட்டணத்தை ஆறால் பெருக்கி "இவ்வளவுதான் செலவு" என்று வீட்டில் கணக்குப் போடாதீர்கள். ரூபாவும் ஆடும், ரூபிளும் ஆடும்.

2022 மார்ச்சிலிருந்து, ரஷ்யாவுக்கு வெளியே வழங்கிய விசா, மாஸ்டர் அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. உங்கள் இலங்கை வங்கி அட்டை அங்கே வெறும் பிளாஸ்ரிக். பல ரஷ்ய வங்கிகள் தடைப் பட்டியலில் இருப்பதால் இங்கிருந்து அனுப்பும் பணமும் திரும்பி வரலாம். ஆகவே பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னரே அவர்களிடம் கட்டணப் பட்டியலையும் வங்கி விபரத்தையும் கேட்டு எடுத்து, அதை உங்கள் வங்கிக் கிளை முகாமையாளரிடம் நேரே காட்டுங்கள். "இந்த வங்கிக்கு அனுப்புவீர்களா, எந்த நாணயத்தில், என்னென்ன பத்திரம் வேண்டும்?" என்று கேளுங்கள். முகாமையாளர் தலைமைக் கிளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்டுச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

கனடாவில் மாமா இருக்கிறார், அவர் நேரே பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவார் என்பது எங்கள் ஊரில் வழமையான திட்டம். கனடா, இங்கிலாந்து வங்கிகள் பல ரஷ்யாவுக்குப் பணம் அனுப்ப மறுக்கின்றன. மாமாவின் காசு முதலில் உங்கள் அம்மா, அப்பாவின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து போவதுதான் நடக்கக்கூடிய வழி.

காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வன்னியில் நிறையப் பேருடைய காணி உறுதிக் காணி இல்லை, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை எல்லா வங்கியும் எடுக்காது. பிரதேச செயலகத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். கடனை நம்பி முகவருக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போனால் இரண்டும் இல்லாமல் போகும்.

கையில் கொண்டுபோகும் டொலர் தாள்கள் புதியவையாக, மடிப்பும் முத்திரையும் இல்லாமல் இருக்க வேண்டும். முகாமையாளரின் கையெழுத்துக் கிறுக்கல் விழுந்த தாளை அங்கே மாற்ற மாட்டார்கள். ரஷ்யாவுக்குள் 10,000 டொலருக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

5. முகவரோடு எப்படிப் பழகுவது

முகவர் இல்லாமலும் போகலாம். பல்கலைக்கழகங்களுக்கு நேரடி இணைய விண்ணப்பம் இருக்கிறது. ரஷ்ய அரசின் புலமைப்பரிசில் இடங்களுக்கும் இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கொழும்பில் உள்ள ரஷ்ய கலாசார நிலையத்தில் விபரம் கேட்கலாம். அந்த விண்ணப்பம் பெறுபேறு வருவதற்கு முன்னரே திறந்து மூடிவிடும் என்பதால், பெறுபேறு வந்த பிறகு யோசித்தால் அடுத்த வருடம்தான்.

முகவர் வழியாகப் போவதென்றால் நான்கைந்து விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டாம். பார்க்கட்டும், பிரதி எடுக்கட்டும், திருப்பித் தரட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முகவரை மாற்ற நினைத்தபோது, மீதிக் காசைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று அவர் பிடித்து வைத்துக்கொண்டார். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எடுங்கள். அதில் எது முகவர் கட்டணம், எது பல்கலைக்கழகக் கட்டணம் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருந்தால், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது, படிப்புக்கானதல்ல. மாணவர் விசா தவிர வேறெந்த விசாவிலும் "போங்கோ, அங்க போய் மாத்தலாம்" என்றால் போகாதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். இங்கிருந்து ரஷ்யாவுக்குப் போன ஆட்கள் உக்ரைன் போர்முனையில் நின்ற கதை 2024இல் பத்திரிகைகளில் வந்தது. பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

6. அழைப்புக் கடிதமும் விசாவும்

பெறுபேறு பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் வருகிறது. அங்கே கல்வியாண்டு செப்டெம்பர் 1இல் தொடங்கிவிடும். இடையில் இருப்பது நான்கு மாதம். பல்கலைக்கழகம் உங்களுக்காக எடுக்கும் அழைப்புக் கடிதம் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். எனவே ஜூன் முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டும். பிந்தி வருபவர்களையும் சேர்ப்பார்கள்தான். ஆனால் ஒக்டோபர் கடைசியில் போய் இறங்கினால் உடற்கூற்றியலில் எலும்பு முழுக்க முடிந்திருக்கும்.

அழைப்புக் கடிதம் வந்ததும் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர் ரஷ்ய எழுத்திலும் இருக்கும். அது விசாவுக்குப் போய், அங்கிருந்து மாணவர் அட்டை, மொழிபெயர்ப்பு, காப்புறுதி எல்லாவற்றுக்கும் போகும். பின்னால் நொத்தாரிசிடம் கடவுச்சீட்டை மொழிபெயர்க்கும்போது விசாவில் உள்ள அதே ரஷ்ய எழுத்துக்கூட்டலைக் கேளுங்கள்.

விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு மே மாதத்தில் எடுக்காமல் அழைப்புக் கடிதம் வந்த பிறகு எடுங்கள். முதல் விசா ஒருமுறை நுழைவதற்கானது, கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குத் தருவார்கள். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். அதை அங்கேதான் நீடிப்பார்கள்.

7. பெட்டிக்குள் என்ன

குளிர் அங்கியை இங்கே வாங்காதீர்கள். கொழும்பில் விற்பது நுவரெலியாவுக்குச் சரி. அங்கே போய், மூத்த மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாங்குங்கள். சப்பாத்தும் அப்படித்தான், பனிக்கட்டியில் வழுக்காத அடி வேண்டும். இங்கிருந்து ஒரு ஜக்கெற், உள்ளே போடும் தேர்மல் இரண்டு சோடி போதும். கட்டடங்களுக்குள் சூடேற்றி வைத்திருப்பதால் உள்ளே ரீசேர்ட்டோடு இருக்கலாம்.

வெள்ளை மேலங்கி இரண்டு, வறுத்த கறித்தூள், வகுப்புக்குப் போதுமான அளவு பேனையும் கொப்பியும். கறித்தூளை நன்றாக அடைத்து, ஆங்கிலத்தில் பெயர் ஒட்டுங்கள். கருவாட்டை அம்மா எவ்வளவு சொன்னாலும் வைக்காதீர்கள். சுங்கத்தில் எறியாவிட்டால், முழு மாடிக்கும் ஒரே சமையலறை உள்ள விடுதியில் பொரிக்கும் அன்று உங்களை எறிவார்கள்.

மருந்து கொஞ்சம், வைத்தியரின் ஆங்கிலச் சீட்டோடு. கொடீன் உள்ள இருமல் பாணி, ட்ரமடோல் போன்றவற்றை அறவே தவிருங்கள். அங்கே அது குற்ற வழக்காகலாம்.

மூலப் பத்திரங்கள், காசு, அழைப்புக் கடிதத்தின் பிரதி, சர்வதேசப் பிரிவின் தொலைபேசி இலக்கம் எல்லாம் கைப்பையில்.

8. இறங்கிய முதல் நாட்கள்

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டோடு ஒரு சின்னத் தாளை அச்சிட்டுத் தருவார்; அதுதான் குடிவரவு அட்டை. அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் படிப்பைக் குறிக்கும் "உச்சோபா" இருக்க வேண்டும். வேறு எதுவாவது இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். வெளியே வந்த பிறகு அதைத் திருத்துவது பெரிய அலைச்சல். தொலைக்கவும் கூடாது. கடதாசி மெல்லியது, இருமடங்கு கவனம்.

விடுதிக்குப் போன அன்றோ மறுநாளோ சர்வதேசப் பிரிவுக்குப் போய்க் கடவுச்சீட்டையும் இந்த அட்டையையும் கொடுங்கள். ஏழு வேலை நாளுக்குள் உங்கள் பதிவை அவர்கள் செய்ய வேண்டும். கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கும் நாட்களில் பிரதியும் மாணவர் அத்தாட்சியும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். பொலிஸ் வீதியில் கேட்பது சாதாரணம். இது எங்களுக்குப் புதிதில்லைதானே, சோதனைச்சாவடி பார்த்து வளர்ந்த ஆட்கள்.

விடுதியில் சேர மார்பு எக்ஸ்ரே கேட்பார்கள். அது தவிர கைரேகைப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் குறித்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். சில ஆயிரம் ரூபிள் செலவாகும், வரிசை நீளம். முதல் மாதத்திலேயே போய்விடுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் சிம் எடுப்பது சுலபமில்லை. முகம், குரல் பதிவும் அரச சேவைக் கணக்கும் வேண்டும். முதல் வாரங்களுக்கு இலங்கைச் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். 2025 ஓகஸ்ட் முதல் வாட்ஸ்அப் அழைப்புகளையும் அங்கே கட்டுப்படுத்திவிட்டார்கள். பேச்சு வராவிட்டால் செய்தியாக எழுதுவோம், எழுதாவிட்டாலும் ஒரு நாள் பொறுங்கள் என்று புறப்படும் முன்னரே வீட்டில் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அம்மா முதல் நாளே ஊரைக் கூட்டிவிடுவா.

9. வகுப்பு எப்படி இருக்கும்

முதல் வருடத்தில் உடற்கூற்றியல், இழையவியல், உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியலோடு இலத்தீன், ரஷ்ய மொழி, ரஷ்ய வரலாறு, உடற்பயிற்சி எல்லாம் உண்டு. சிரிக்காதீர்கள், உடற்பயிற்சிக்குப் போகாவிட்டால் அந்தத் தவணைக்கான "ஸச்சோத்", அதாவது பாடத்தை முடித்ததற்கான சித்திக் குறிப்பு, கிடைக்காது. அது இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விட மாட்டார்கள்.

வகுப்பு சிறு குழு. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்போம். ஆசிரியர் மண்டையோட்டைக் கையில் எடுத்து, ஒரு கம்பியை ஒரு துளைக்குள் விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். துளையின் பெயர் இலத்தீனில், அதற்குள்ளால் என்ன போகிறது, எங்கே வெளியே வருகிறது. இது ஒவ்வொரு வகுப்பிலும் நடக்கும். ஐந்து புள்ளிதான் அதிகபட்சம், இரண்டு என்றால் சித்தியில்லை. இங்கே உயர்தரத்துக்குக் கடைசி மூன்று மாதத்தில் விழுந்து விழுந்து படித்த பழக்கம் அங்கே உதவாது; அன்றன்று படிக்க வேண்டும்.

தவறவிட்ட ஒவ்வொரு வகுப்பையும், இரண்டு வாங்கிய ஒவ்வொரு நாளையும் "ஒத்ராபோத்கா" என்று தனியே போய் ஒப்பித்து அடைக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் வைத்தியச் சான்றிதழோடு போய் அடைக்க வேண்டும். அன்றே, அந்த வாரமே அடையுங்கள். டிசம்பரில் எல்லோரும் ஒரே ஆசிரியரின் கதவுக்கு முன் நிற்பார்கள்.

மேலங்கி, தொப்பி, மாற்றுச் செருப்பு இல்லாமல் வகுப்புக்குள் விடமாட்டார்கள். குளிர் அங்கியைக் கீழே உடுப்பறையில் கொடுத்து இலக்கத் தகடு வாங்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அந்த வரிசைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஆங்கில மூலம் என்று சேர்ந்தாலும் ரஷ்ய மொழியை விடாதீர்கள். மூன்றாம் வருடம் வார்டில் நிற்கும் பாட்டியிடம் "எங்கே நோகுது?" என்று ரஷ்ய மொழியில்தான் கேட்க வேண்டும். விடுதிக் காவலாளி, பீட அலுவலகம், மருந்துக்கடை எதிலும் ஆங்கிலம் எடுபடாது. போவதற்கு முன் ரஷ்ய எழுத்துகளை மட்டுமாவது வாசிக்கப் பழகுங்கள்; இரண்டு கிழமை போதும்.

10. விசா நீடிப்பும் ஜனவரிப் பரீட்சையும்

முதல் விசா முடிவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே கடவுச்சீட்டைச் சர்வதேசப் பிரிவு கேட்கும். அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள். கல்விக் கட்டணத்தில் நிலுவை இருந்தால் நீடிப்புக்குக் கடிதம் தர மாட்டார்கள் என்பதால், இரண்டாம் தவணைக் காசை வீட்டிலிருந்து நவம்பருக்குள் அனுப்பச் சொல்லுங்கள். ஒருமுறை திரும்பி வந்தாலும் மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்.

ஜனவரியில் முதல் பரீட்சைக் காலம். தவறினால் மீண்டும் எழுத வாய்ப்புத் தருவார்கள், ஆனால் அந்தத் திகதிகள் விடுமுறையில் விழும். ஆகவே முதல் வருடம் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போடாதீர்கள். கோடை விடுமுறை ஜூலை, ஓகஸ்ட்; அதற்குரிய டிக்கெட்டையும் கடைசிப் பரீட்சைத் திகதி எழுத்தில் வந்த பிறகு, பலமுறை நுழையும் விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள்.